பின்னாக நின்று அழுதவள்: ரோமானிய விருந்துக் கட்டிலை 16-ஆம் நூற்றாண்டு வரைந்தெடுத்த விதம்

லூக்கா நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. பரிசேயன் ஒருவன் வீட்டில் இயேசு பந்தியிருக்கிறார். ஒரு பெண் பரிமளதைலத்தோடு உள்ளே வந்து, அவருடைய "பாதங்களின் அருகே பின்னாக நின்று" அழுது, கண்ணீரால் பாதங்களை நனைத்துத் தலைமயிரால் துடைக்கிறாள். தமிழில் வாசிக்கும்போது இந்த வரி சற்று இடறும். பந்தி என்றால் நமக்குத் தரையில் சம்மணம், முன்னால் இலை. சம்மணமிட்டவரின் பாதம் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். பின்னால் நிற்பவளுக்கு எட்டாது. சரி, மேசை நாற்காலி என்று வைத்துக்கொண்டாலும் பாதம் மேசைக்கு அடியில்தான் இருக்கும். அவள் எங்கே நின்றாள்?

விடை ஒரு மரச்சாமானில் இருக்கிறது. உண்பவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். இடது முழங்கை திண்டின்மேல், தலை மேசைப் பக்கம், கால் வெளிப்பக்கம். பரிமாற வருபவரும் சரி, அழ வருபவரும் சரி, பின்னால் வந்து நின்றால் முதலில் எதிர்ப்படுவது பாதம்தான்.

இன்று எந்தப் பாடநூலிலும் இது கிடைக்கும். 1500-ஐ ஒட்டிய இத்தாலியில் கிடைக்காது. மிலானில் லியனார்டோ கடைசி இராப்போஜனத்தை 1495-க்கும் 1498-க்கும் இடையில் தீட்டியபோது நீளமான மேசையைப் போட்டு, விரிப்பு விரித்து, சீடர்களை உட்காரவைத்தார். யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. 1647-இல் பாரிஸ்காரர் ஒருவருக்காக பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் அதே பரிசேயன் வீட்டு விருந்தை வரைந்தபோது எல்லோரும் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். இடைப்பட்ட 150 ஆண்டுகளில் யாரோ ரோமானியக் கட்டிலை மீட்டெடுத்திருக்கிறார்கள். மண்ணிலிருந்து தோண்டி எடுக்கவில்லை, தாளில் வரைந்து எடுத்தார்கள். அந்த வரைபடங்களில் எந்தக் கோடு கல்லிலிருந்து வந்தது, எந்தக் கோடு ஏட்டிலிருந்து வந்தது, எந்தக் கோடு வரைந்தவரின் தலைக்குள்ளிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

கையிருப்பு

மரம் மக்கும். 16-ஆம் நூற்றாண்டு ரோமில் பழைய ரோமானிய மரக்கட்டில் ஒன்றைக்கூட எவரும் பார்த்ததில்லை. எரிமலைப் படிவுக்குள் கரியாகிப் பிழைத்திருந்த கட்டில்களும் தொட்டில்களும், புதைந்துபோன ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்தில் கிடக்கத்தான் செய்தன. ஆனால் அங்கே முறையான அகழ்வு தொடங்கியது 1738-இல், பொம்பேயில் 1748-இல். அதற்கு முன் வரைந்தவர்களுக்கு வாய்த்தது மூன்று வகைச் சான்று.

முதலாவது, கல். ஈமப்பேழைகளிலும் கல்லறைப் பலகைகளிலும் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும்: கட்டிலில் சாய்ந்த ஆண், காலடியில் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்த மனைவி, முன்னால் விலங்குக் கால் வைத்த சிறு முக்காலி மேசை. அதோடு சலவைக்கல்லிலேயே செய்த மேசைத் தாங்கிகள், விளக்குத் தண்டுகள், சில சிம்மாசனங்கள். இவை மரச்சாமானின் படங்கள் அல்ல, சாமானேதான். இரண்டாவது, நாணயம். நீதிபதிகளின் மடக்கு இருக்கை, அந்தப் பெருக்கல் குறி வடிவக் கால்களோடு, கட்டைவிரல் நக அளவில் அச்சாகியிருக்கும். மூன்றாவது, எழுத்து. இது குவியல் குவியலாகக் கிடைத்தது. கி.மு. 187-இல் ஆசியாவிலிருந்து திரும்பிய மன்லியுஸ் வுல்சோவின் படைதான் வெண்கலக் கட்டில்களையும் ஒற்றைக்கால் மேசைகளையும் ரோமுக்குக் கொண்டுவந்து வீரர்களைக் கெடுத்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியுஸ் புலம்புகிறார். சிசரோ ஒரு மர மேசைக்கு ஐந்து லட்சம் செஸ்டெர்ஸ் காசு கொடுத்ததைப் பிளினியுஸ் விடாமல் சொல்லிக்காட்டுகிறார். உணவுக்கூடத்தின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு என்று ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியுஸ் அளவு தருகிறார். விருந்தினர் எண்ணிக்கை மூன்று அருள் தேவியருக்குக் குறையவும் கூடாது, ஒன்பது கலைமகளிருக்கு மிஞ்சவும் கூடாது என்பது ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கு.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. லத்தீனில் தூங்குவதும் லெக்டுஸ், சாய்ந்து உண்பதும் லெக்டுஸ், சாய்ந்து எழுதுவதும் லெக்டுஸ், பிணத்தைச் சுமப்பதும் லெக்டுஸ். நமக்கு இது புதிதல்ல; அரசுகட்டிலும் முரசுகட்டிலும் சொன்ன மொழி தமிழ். ஆனால் ஏட்டில் ‘லெக்டுஸ்’ என்று கண்டதும் எந்தக் கட்டிலை வரைவது? ‘ட்ரிக்ளினியம்’ இன்னும் மோசம். மூன்று கட்டில் கொண்ட அமைப்பும் அதுதான், அந்த அமைப்பு இருக்கும் அறையும் அதுதான். எழுத்தை மட்டும் வைத்து வரைய முடியாததற்கு இதுவே போதும்.

கல்லுக்கு அப்பால் போகாத கை

1542-இல் ரோமில் கிளாவுதியோ தொலொமேய் என்ற அறிஞர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். விட்ருவியுஸைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பழைய ரோமின் எச்சங்களை எல்லாம் வகை வகையாகத் திரட்டி வரைய வேண்டும் என்று நூல் நூலாகத் திட்டம் போட்டார். திட்டம் அவர் நினைத்தபடி நிறைவேறவில்லை. ஆனால் 1550-ஐ ஒட்டி ரோமில் ஒரு வரைவாளர் அந்த மனநிலையோடு வேலை செய்திருக்கிறார். பெயர் நிலைக்கவில்லை, அவர் வரைந்த தாள்கள் இன்று ஜெர்மனியின் கோபுர்க் கோட்டையில் இருப்பதால் கோடெக்ஸ் கோபுர்கென்சிஸ், அதாவது கோபுர்க் சுவடி, என்பார்கள். இதன் உடன்பிறப்பு பெர்லினில் இருக்கிறது. கர்தினால் மார்ச்செல்லோ செர்வினியிடம் வேலை பார்த்த ஸ்டெஃபானுஸ் பீகியுஸின் தொகுப்பு அது. (இந்தச் செர்வினிதான் 1555-இல் போப்பாகி 22 நாளில் இறந்துபோனார்.)

கோபுர்க் தாள்களில் நான் மதிப்பது ஒன்று. கல்லில் தலை உடைந்திருந்தால் தாளிலும் தலை இல்லை. கை முறிந்திருந்தால் முறிந்த இடத்தோடு நிறுத்தியிருக்கிறார். இன்றைய தொல்லியல் வரைவாளருக்கு இது முதல் பாடம். அன்று இது விசித்திரம். பழஞ்சிற்பம் கிடைத்தால் உடனே மூக்கு ஒட்டி, கை பொருத்தி, முழுமையாக்கித் தோட்டத்தில் நிறுத்துவதுதான் வழக்கம். வரைபவர்களும் அப்படியே பேனாவால் ஒட்டிவிடுவார்கள்.

இந்த நேர்மைக்கு ஒரு விலையும் இருந்தது. கல் சொல்லாததைத் தாளும் சொல்லாது. எது சொல்லாமல் போகிறது என்று புரிய, ஒரு சிற்பத்தைப் பார்க்கலாம்.

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் பலர் வரைந்த புடைப்புச் சிற்பம் அது. பின்னாளில் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸின் குடும்பத்து வில்லா மொந்தால்தோவில் இருந்து, 18-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் டவுன்லி கைக்குப் போய், 1805-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. தாடி வைத்த மதுக்கடவுள் டயோனிசஸ் போதையில் தள்ளாடி ஒரு வீட்டுக்குள் வருகிறார். கட்டிலில் சாய்ந்திருப்பவர் கை உயர்த்தி வரவேற்கிறார். முன்னால் முக்காலி மேசை. நாடக முகமூடிகள் ஓரமாகக் கிடக்கின்றன. அவர் பரிவாரத்து வனதேவதைகளான சாட்டிர்களில் சின்னவன் ஒருவன் குனிந்து கடவுளின் செருப்பைக் கழற்றுகிறான். கட்டிலில் ஏறும் முன் செருப்பு கழல வேண்டுமல்லவா. விருந்தைப் பற்றி இவ்வளவு விவரம் தரும் கல் வேறில்லை என்றே சொல்வேன். கட்டிலின் உயரம், மேசை அதற்குச் சற்றுத் தாழ்ந்திருப்பது, மெத்தையும் திண்டும் எல்லாம் தெரிகிறது.

தெரியாதது ஒன்றே ஒன்று, அதுதான் முக்கியம். ஆழம். புடைப்புச் சிற்பம் கட்டிலைப் பக்கவாட்டில் தட்டையாகக் காட்டும். சாய்ந்திருப்பவர் கட்டிலின் நீளத்துக்கு நீட்டிப் படுத்திருப்பதுபோல் இருக்கும். ஒருவர் மட்டும் படுத்திருந்தால் சிக்கல் இல்லை. அதே கட்டிலில் மூன்று பேரை அப்படி நீளவாக்கில் வரிசையாகப் படுக்கவைத்துப் பாருங்கள். ஒருவரின் கால் அடுத்தவரின் முகத்தில் இருக்கும். விருந்து அங்கேயே முடிந்துவிடும்.

தச்சன் கட்டில் செய்தான். சிற்பி அதைப் பார்த்துத் தட்டையாக்கிக் கல்லில் கொத்தினான். கடைசல் காலின் வளையங்களில் பாதியை விட்டும் இருப்பான். 1,400 ஆண்டு கழித்து ஒருவர் கல்லைப் பார்த்துத் தாளில் வரைந்தார். கோபுர்க் வரைவாளர் கடைசிக் கட்டத்தில் எதையும் சேர்க்கவில்லை. சிற்பி விட்டதை அவரால் மீட்கவும் முடியவில்லை.

கல்லைத் தாண்டிய கை

பிர்ரோ லிகோரியோ நேப்பிள்ஸ்காரர். 1530-களில் ரோமுக்கு வந்து வீட்டு முகப்புகளில் ஓவியம் தீட்டிப் பிழைத்தவர். பிறகு திவோலியில் வில்லா தெஸ்தே தோட்டம், வத்திக்கானில் போப் நான்காம் பியுஸுக்கு ஒரு சின்ன மாளிகை. மைக்கேலாஞ்சலோ 1564-இல் இறந்ததும் புனித பேதுரு ஆலயப் பணிக்கே வந்தார், நிலைக்கவில்லை. இதற்கிடையில் பழமை பற்றி எழுதினார், வரைந்தார், எழுதினார். நேப்பிள்ஸிலும் துரினிலும் அவர் சுவடிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. துரினில் மட்டும் 30 தொகுதிகள். கடைசிக் காலத்தில் ஃபெராராவில் பிரபுவின் பழம்பொருள் அறிஞராக இருந்து 1583-இல் இறந்தார்.

அவர் பேருக்கு ஒரு தீராக் களங்கம் உண்டு. அவர் ‘பார்த்து எழுதிய’ கல்வெட்டுகளில் ஆயிரக்கணக்கானவை எந்தக் கல்லிலும் இல்லாதவை. லத்தீன் கல்வெட்டுப் பெருந்தொகுப்பைத் தயாரித்த 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள் அவற்றைத் தனியே போலிகளின் பட்டியலில் ஒதுக்கினார்கள். அவர் காலத்திலேயே ஸ்பானிய ஆயர் அந்தோனியோ அகுஸ்தின், நண்பர்தான், லிகோரியோவுக்கு லத்தீன் தெரியாது, ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிவிட்டார் என்று அரைப் புன்னகையோடு பதிந்திருக்கிறார்.

மோசடிக்காரர் என்று ஒதுக்கினால் வேலை சுலபம். ஆனால் லிகோரியோவுக்குப் பழமை என்பது உடைந்த பானை. ஓடுகளை ஒட்டி, இல்லாத ஓட்டை மண்ணால் நிரப்பி, மறுபடி தண்ணீர் ஊற்றும்படி செய்வதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. அவரது குற்றம் நிரப்பியதல்ல. எங்கே நிரப்பினார் என்று குறிக்காமல் விட்டதுதான்.

அவர் கை எப்படி வேலை செய்தது என்பதற்கு 1558-இல் அச்சான ஒரு தாள் நல்ல சான்று. காசினும் ஊரில் தமக்கிருந்த பறவைக்கூடத்தை வர்ரோ வர்ணித்திருக்கிறார். அதன் நடுவே விருந்தினருக்கான வட்ட மேசை, சக்கரம்போல் ஆரக்கால்களோடு. சக்கர விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை அடி அகலத்துக்குத் தொட்டிபோல் குழிந்த பலகை. ஒரு பையன் நின்று சுழற்றுவான். சாப்பாடும் பானமும் சுற்றிவந்து எல்லோருக்கும் எட்டும். இதற்குக் கல்லில் சான்றே இல்லை, எழுத்து மட்டும்தான். லிகோரியோ அந்தப் பறவைக்கூடம் முழுவதையும் கட்டடமாக எழுப்பி வரைந்தார். லத்தீன் தெரியாதவர் என்ற பழி சுமந்தவர், படித்தவர்களே தடுமாறும் ஒரு பத்தியிலிருந்து கட்டடம் எழுப்பினார். எனக்கு இதில் ஒரு குறும்பான திருப்தி.

மருத்துவர் கேட்ட கேள்வி

ட்ரிக்ளினியத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஓவியரோ கட்டடக்கலைஞரோ அல்ல, ஒரு வைத்தியர். ஃபொர்லியில் பிறந்த ஜிரோலமோ மெர்க்கூரியாலே, 1560-களில் ரோமில் கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசேயின் மருத்துவர். கர்தினாலின் நூலகமும் சிற்பத் தொகுப்பும் எட்டும் தூரத்தில். பழங்காலத்தார் உடற்பயிற்சி பற்றி அவர் எழுதிய நூல் 1569-இல் வெனிஸில் வந்தது. படங்கள் சேர்த்த இரண்டாம் பதிப்பு 1573-இல். படங்களுக்கு மூலம் லிகோரியோ. மரத்தில் செதுக்கியவர் கிறிஸ்தொஃபரோ கொரியோலானோ.

உடற்பயிற்சி நூலில் கட்டிலுக்கு என்ன வேலை? மெர்க்கூரியாலேயின் வாதம் இது: பயிற்சி, பிறகு வெந்நீர்க் குளியல், குளித்துவிட்டுப் படுக்கை, படுக்கையிலேயே உணவு. சாய்ந்து உண்ணும் பழக்கம் குளியலோடு ஒட்டி வந்தது என்பது அவர் கருத்து. சரியோ தவறோ, இது ஒரு வைத்தியரின் கேள்வி: இப்படிச் சாப்பிட்டால் உடம்பு என்ன நிலையில் இருக்கும்? நம்மில் யாரும் இன்றிரவு முயன்று பார்க்கலாம். இடது முழங்கையில் சாய்ந்தால் வலது கை மட்டும்தான் மிச்சம். ஒற்றைக் கையால் வெட்டவும் முடியாது, பிய்க்கவும் முடியாது. ஆக, உணவு வெட்டித்தான் வர வேண்டும், மேசை தாழ்ந்திருக்க வேண்டும், பரிமாற ஆள் வேண்டும், அவன் வந்துபோக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். உடம்பிலிருந்து தொடங்கினால் மரச்சாமானும் அறையும் தாமாகவே வடிவெடுக்கின்றன.

நூலில் கல்லைப் பார்த்து எடுத்த படமும் உண்டு, லிகோரியோவின் மீட்டுருவாக்கமும் உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் என் கணக்கில் பெரிய விஷயம். கல் ஒரு கட்டிலைத் தருகிறது. மூன்று கட்டில்கள் மேசையை மூன்று பக்கம் சூழ, நான்காவது பக்கம் திறந்திருக்கும் அமைப்பை ஏடுதான் தருகிறது.

1588-இல் ரோமில் இதே பொருளுக்கென்றே ஒரு நூல் வந்தது. தொலேதோவில் பிறந்த பேத்ரோ சாக்கோன் எழுதிவைத்துவிட்டு இறந்துபோக, ஃபர்னேசே நூலகர் ஃபுல்வியோ ஒர்சினி பின்னிணைப்போடு வெளியிட்டார். பந்தியில் யாருக்கு எந்த இடம் என்பது இத்தகைய நூல்களில் பெரிய விவாதம். கட்டிலுக்கு மூன்று பேர், மேல், நடு, கீழ். நடுக்கட்டிலின் கடைசி இடம் மிகப்பெரிய விருந்தாளிக்கு. ரோமின் உயர் ஆட்சியாளரான கன்சல் வந்தால் அங்கேதான். அதை ஒட்டிய கட்டிலின் முதல் இடம் வீட்டுக்காரருக்கு. இருவரும் மூலையில் தலையோடு தலை பேசிக்கொள்ளலாம், தூதுவன் வந்தால் கன்சலின் காதில் ஓதவும் இடம் உண்டு. எங்கே உட்காரவைத்தார்கள் என்பதற்காகக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

சாய்வுக் கோணம் இங்கேதான் அவிழ்கிறது. அடுத்தவரின் மார்பில் தலை படும்படி இருப்பது பற்றி லத்தீன் ஏடுகள் பேசுகின்றன. யோவான் நற்செய்தியிலும் அன்பான சீடன் இயேசுவின் மார்பிலே சாய்ந்திருக்கிறான். நீளவாக்கில் படுத்தால் இது நடக்காது. கட்டிலுக்குக் குறுக்காக, சாய்கோணத்தில், தலை மேசையை நோக்கியும் கால் பின்விளிம்பை நோக்கியும் இருந்தால் மட்டுமே ஒருவரின் தலை அடுத்தவரின் மார்புக்கு நேரே வரும். அப்போதுதான் பாதங்கள் வெளியே, பின்னாக நிற்பவளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

ஓவியர் கையில்

பூசான் இதைப் பிடித்துக்கொண்டார். 1644-இல் புரவலர் ஷாந்தலூவுக்கு எழுதிய கடிதத்தில், வரையப்போகும் படத்தில் ‘சிக்மா’ என்று அழைக்கப்பட்ட பிறைவடிவ விருந்துக் கட்டில் துல்லியமாக இடம்பெறும் என்று பெருமையோடு சொன்னார். 1647-இல் முடித்த அந்தப் படம் இப்போது எடின்பரோவில் இருக்கிறது. விருந்தினர் சாய்ந்திருக்கிறார்கள், பரிசேயனுக்கு ஒரு வேலையாள் கால் கழுவுகிறான், இயேசுவின் கால்மாட்டில் அந்தப் பெண். "நீ என் கால்களுக்குத் தண்ணீர் தரவில்லை" என்ற கடிந்துரை முழுவதும் கட்டிலின் அமைப்பாலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு உறுத்தல் மட்டும். பிறைக்கட்டில் ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில்தான் பரவலானது. மூன்று நேர்க்கட்டில் அமைப்பு அதற்கு மூத்தது. இயேசு காலத்து விருந்துக்கு மூத்ததுதான் பொருத்தம். ஓவியருக்குப் பிறையின் வளைவு பிடித்துப்போயிருக்க வேண்டும். குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

மண் திறந்தபோது

பொம்பேயில் வெளிவந்த காரைக்கட்டு விருந்துத் திண்ணைகள் தாளில் ஊகித்ததை உறுதிசெய்தன: மூன்று பக்கம் திண்ணை, நடுவே மேசை, ஒரு பக்கம் திறப்பு. திண்ணையின் மேற்பரப்பு மேசையை நோக்கி உயர்ந்து பின்பக்கம் சரிகிறது, அதாவது தலை உள்ளே, கால் வெளியே. ‘நீதிபோதகர் வீடு’ என்று பெயர்பெற்ற ஒரு வீட்டின் உணவுக்கூடச் சுவரில் விருந்தினருக்கு விதிகளையே எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் விதி: தண்ணீர் காலைக் கழுவட்டும், பையன் ஈரத்தைத் துடைக்கட்டும், மெத்தைமேல் துணி விரியட்டும். அடுத்தவன் மனைவியைக் கண்ணால் மேயாதே என்பது அதற்குப் பிறகுதான்.

அசல் சாமான் கைக்கு வந்ததும் எல்லாம் தெளிந்துவிடவில்லை. ரோமானியக் கட்டிலின் தலைமாட்டு வளைவில் வெண்கல அணி பொருத்துவார்கள்; கழுதைத் தலை அதில் பிரசித்தம், யுவெனாலிஸின் அங்கதப் பாட்டிலேயே வருகிறது. மரம் போய் இந்த வெண்கலம் மட்டும் தனித்துக் கிடைத்தபோது, நேப்பிள்ஸிலும் ரோமின் கபிடோலினே அருங்காட்சியகத்திலும் அவற்றைக் கோத்து, இருவர் அகல கௌரவ இருக்கை என்று நாற்காலி செய்து காட்சிக்கு வைத்தார்கள். கட்டிலின் தலைமாடு இருக்கையின் அலங்காரமாகிவிட்டது. கல்லைப் பார்த்து வரைந்த பழைய தாள்களில் அந்த வளைவு கட்டிலின் தலைமாட்டிலேயே, திண்டுக்கு அடியில், சரியாக இருந்தது. வெண்கலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தாளைப் புரட்டியிருக்கலாம்.

தாள்களிலும் பெரிய ஓட்டை உண்டு. அவற்றை மட்டும் வைத்து ஒரு ரோமானிய வீட்டை நிரப்பினால் கட்டில், மேசை, சிம்மாசனம், விளக்குத் தண்டு இருக்கும். துணி மடித்து வைக்க அலமாரி இருக்காது, குழந்தைக்குத் தொட்டில் இருக்காது. செத்தவரைப் பெருமைப்படுத்தும் கல்லில் அலமாரியைக் கொத்த யாருக்குத் தோன்றும்? ஹெர்குலேனியம் கரியாகிய மரத்தோடு அவற்றைத் தந்த பிறகுதான் வீடு வீடாயிற்று.

கல்லில் கொத்தியவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். 1930-இல் நெதர்லாந்தின் சிம்பெல்வெல்டில் ஒரு கல் ஈமப்பேழை கிடைத்தது; இப்போது லெய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டிலில் இடது முழங்கையை ஊன்றி ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி அவள் வீட்டுச் சாமான் அத்தனையும்: முக்காலி மேசை, பாத்திரங்கள், கதவு வைத்த அலமாரி, பின்னிய பிரம்பு நாற்காலி. கோபுர்க் வரைவாளர் இதைக் கண்டிருந்தால் ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தச் சிற்பம் முழுவதும் பேழையின் உட்புறத்தில் இருக்கிறது, மூடியைத் திறந்தால் மட்டும் தெரியும்படி. வெளிப்புறத்தில் வரைய ஒன்றுமில்லை.